பெட்டியில் இருக்க வேண்டிய ஒரு காகிதம்



இந்தத் தடவை கைவைத்தியமும் இல்லை, மாங்காய்த் தொக்கும் இல்லை. ஒரு காகிதத்தைப் பற்றி எழுதப் போகிறேன். உங்கள் வீட்டுப் பெண் யாருக்காவது முதல் கல்யாணம் முறிந்து மறு கல்யாணம் ஆகியிருந்தால், அல்லது ஆகப் போகிறது என்றால், தயவுசெய்து கடைசி வரைக்கும் படியுங்கள். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டே படியுங்கள்!

எங்கள் போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சந்தை. 2024-ல் ஒரு ஞாயிறு, பை நிறையக் காய்கறியோடு நான் வீடு திரும்பினால், திண்ணையில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "காபி வேணாம், ஒண்ணும் வேணாம். இதைப் படிச்சு என்னன்னு சொல்லு" என்று ஒரு இங்கிலீஷ் கடிதத்தின் நகலை என் கையில் திணித்தாள். நான் பள்ளி இறுதி வரை படித்தவள். அதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. புரிந்த பாதியே வயிற்றைக் கலக்கியது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அக்கா மகளுக்கு 2014-ல் முதல் கல்யாணம். மாப்பிள்ளை எல்லை தாண்டி, கர்நாடகத்தில் மாலூர்ப் பக்கம். எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் மாநில எல்லை ஏது? தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பந்தியில் சாப்பிடும். ஆனால் இருவரும் பத்து மாதம்கூடச் சேர்ந்து வாழவில்லை. யார் மேல் தப்பு என்பது இங்கே வேண்டாம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். போட்ட நகை திரும்பி வந்தது. "இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியமும் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, சாட்சிகள் போட்டு, நோட்டரி முத்திரையும் குத்தினார்கள். விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். அக்கா அதை மஞ்சள் பையில் சுற்றி பீரோவில் வைத்தாள். விவகாரம் தீர்ந்தது என்றே எல்லாரும் நினைத்தோம். நானும்தான்.

2022-ல் நல்ல வரன் வந்தது. பையனுக்கு அமெரிக்காவில் வேலை, அந்நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டவர். முதல் கல்யாணத்தை நாங்கள் ஒளிக்கவில்லை. "நடந்தது நடந்து போச்சுங்க, அதுக்கு இவங்க என்ன பண்ணுவாங்க?" என்று அவர் சொன்னபோது அக்கா அழுதே விட்டாள். கோயிலில் தாலி கட்டினார். பதிவும் ஆயிற்று. பதிவு மனுவில் பெண்ணின் முந்தைய நிலை என்ன என்ற இடத்தில் எழுதிக் கொடுத்த ஆள் என்ன எழுதினார் என்று நாங்கள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கவனக்குறைவு எங்களுடையது.

பிறகு மாப்பிள்ளை தம் மனைவியை அழைத்துக்கொள்ள, ஐ-130 என்ற மனுவை அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குப் போட்டார். கணவன், மனைவி இருவருக்கும் இதற்கு முன் கல்யாணம் நடந்ததா, யாரோடு, எந்தத் தேதியில் அது முடிந்தது என்று அதில் கேட்கிறார்கள். அவர் உள்ளதை உள்ளபடி எழுதி, எங்கள் விடுதலைப் பத்திரத்தை இங்கிலீஷில் பெயர்த்து இணைத்தார். சில மாதம் கழித்து வந்த பதில்தான் அக்கா கையில் இருந்த கடிதம். முந்தைய திருமணம் சட்டப்படி முடிந்ததற்கு ஆதாரம் அனுப்ப வேண்டும், இந்தக் கெடுவுக்குள் அனுப்ப வேண்டும் என்பதுதான் சாரம்.

அவ்வளவுதான், வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. தாலுகா ஆபீசில் 'கணவனால் கைவிடப்பட்டவர்' சான்று வாங்கி அனுப்பினால் போதும் என்றார் ஒருவர். "ஏழு வருஷம் பிரிஞ்சிருந்தா கல்யாணம் தானாவே ரத்து" என்றார் இன்னொருவர். என் அக்கா வீட்டு மாமாவோ ஒரு நாள் ராத்திரி மெதுவாகச் சொன்னார்: "முதல் கல்யாணம் எங்கியும் பதிவே ஆகலையே. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு சொல்லிட்டா என்ன? தெரியாம எழுதிட்டோம்னு மாப்பிள்ளையை எழுதச் சொல்லலாம்."

நான் பொய் சொல்ல மாட்டேன் சகோதரிகளே, அந்த நிமிஷம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அந்தப் பெண்தான் சரியாகக் கோபித்துக்கொண்டாள். "நானூறு பேர் சாப்பிட்ட கல்யாணம் சித்தி. போட்டோ இருக்கு, பத்திரிகை இருக்கு. இல்லைன்னு சொல்லிட்டுப் போய், அங்க தினமும் யாராவது கண்டுபிடிப்பாங்களான்னு பயந்துட்டே இருக்கணுமா? அவரையும் பொய் எழுத வைக்கணுமா?" என்றாள். பதினைந்து நாளாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. அந்த நிலையிலும் அவளுக்குத்தான் புத்தி தெளிவாக இருந்தது.

மறுநாளே கிருஷ்ணகிரிக்குப் போய் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தோம். அவர்கள் பொறுமையாக ஒவ்வொன்றாக விளக்கினார்கள். கேட்கக் கேட்க, இத்தனை நாள் நாம் எவ்வளவு அறியாமல் இருந்திருக்கிறோம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

தாசில்தார் தரும் சான்று அரசு உதவிகளுக்குப் பயன்படும். அது விவாகரத்து ஆகாது. ஏழு வருஷக் கணக்கும் தப்பு. ஒருவர் உயிரோடு இருப்பதாக ஏழு வருஷம் தகவலே இல்லை என்றால், அதைக் காரணமாகச் சொல்லிக் கோர்ட்டில் விவாகரத்துக் கேட்கலாம். கேட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டும். தானாக எந்தக் கல்யாணமும் ரத்தாகாது. பதிவாகாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்பதும் தப்பு. முறைப்படி சடங்கு நடந்திருந்தால், பதிவு செய்யவில்லை என்பதற்காக அது செல்லாமல் போகாது.

"அப்போ எங்க பத்திரம்?" என்று அக்கா கேட்டாள். அதற்கும் பதில் வந்தது. 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் 29-ம் பிரிவில், ஒரு சமூகத்தில் வழக்கப்படி விவாகரத்து இருந்தால் அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று, அதைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அங்கேயும் பத்திரம் இருந்தது. வழக்கத்தை நிரூபிக்கவில்லை என்பதால் பத்திரம் நிற்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் எழுதியதற்கு ஊரில் மரியாதை இருக்கலாம். கோர்ட்டில் அதை வைத்து நிற்பது கஷ்டம்.

இதற்குப் பிறகு வந்ததுதான் இடி. முதல் கல்யாணம் சட்டப்படி முடியவில்லை என்றால், 5-ம் பிரிவு, 11-ம் பிரிவுப்படி இரண்டாவது கல்யாணம் செல்லாது. இப்போது அவசரமாக விவாகரத்து வாங்கி அனுப்பினாலும் 2022-ல் கட்டிய தாலிக்கு அது உயிர் கொடுக்காது. கல்யாணத் தேதிக்கு முன்னால் விவாகரத்து முடிந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் விவாகரத்து, பிறகு மறுபடி கல்யாணம், பிறகு புது மனு. வேறு வழியில்லை. முதல் கல்யாணத்தை மறைத்தால் என்ன என்ற கேள்விக்கும் பதில் சொன்னார்கள். பொய் சொல்லி விசா வாங்கப் பார்த்தது தெரிந்தால், அமெரிக்கச் சட்டத்தில் ஆயுளுக்கும் உள்ளே விடாமல் தடுக்க இடமிருக்கிறதாம். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

மாப்பிள்ளைக்குப் போனில் எப்படிச் சொல்வது என்று பயந்தோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க அத்தை. முறையாவே செய்வோம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் வாழ்நாள் பூரா கடன்பட்டிருக்கிறோம்.

வழக்கை மாலூர்ப் பக்கம் போய்ப் போட வேண்டுமோ என்று கவலைப்பட்டோம். வேண்டியதில்லை. 2003-ல் வந்த திருத்தப்படி, மனைவி மனு போட்டால் அவள் குடியிருக்கும் ஊருக்கு உரிய கோர்ட்டிலேயே போடலாம். இருவரும் சம்மதித்தால் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து. அதற்கு ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் கோர்ட்டே அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு ஆள் எங்கே என்றே தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. கோர்ட் அனுமதியோடு பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு, அவர் வராவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு வாங்கலாம்.

எங்கள் ஆளைத் தேடிப் பிடித்தோம். அவரும் 2017-ல் வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தார். அதே முத்திரைத்தாளை நம்பித்தான்! முதலில் முறைத்தார். மனைவி உயிரோடு இருக்கையில் மறு கல்யாணம் செய்வது குற்றம், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 494-ம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 82-ம் பிரிவு, ஏழு வருஷம் வரை தண்டனை என்று வக்கீல் அம்மா எடுத்துச் சொன்னதும் இறங்கி வந்தார். நாங்கள் யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப வரவில்லை, எல்லாருக்கும் நல்லதாக முடிக்கத்தான் வந்தோம் என்றோம்.

மனு போட வந்த அன்று அவர் தம் இப்போதைய மனைவியையும் அழைத்து வந்திருந்தார். சின்னப் பெண், இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் அக்கா மகளிடம் தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டாள்: "அக்கா, அப்போ என் கல்யாணம்?"

எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. எங்கள் கஷ்டம் மட்டுமே பெரிதாகத் தெரிந்த எங்களுக்கு, இன்னொருத்தி அதே குழியில் நிற்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு விசாவும் இல்லை, கடிதமும் இல்லை. ஆகவே இப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. நாளைக்குப் புருஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், சொத்து, பென்ஷன் என்று போய் நிற்கும்போதுதான் தெரிந்திருக்கும்.

வக்கீல் அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். குழந்தைகளைப் பற்றிப் பயம் வேண்டாம், 16-ம் பிரிவுப்படி அவர்கள் முறையான வாரிசுகள்தான், அப்பா அம்மாவின் சொத்தில் அவர்களுக்குப் பாத்தியதை உண்டு, 2023-லும் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது என்றார்கள். "தீர்ப்பு வந்ததும் நீயும் முறையாக் கல்யாணம் பண்ணிப் பதிவு பண்ணிக்கம்மா" என்றும் சொன்னார்கள். அவள் என் அக்கா மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த இரண்டு பெண்களும் ஒரே தூக்கிலிருந்து காபி குடித்ததை நான் மறக்கவே மாட்டேன்.

2025-ல் தீர்ப்பு கிடைத்தது. உடனே தாலி கட்டிவிடவில்லை. 15-ம் பிரிவுப்படி மேல்முறையீட்டுக் காலம் கழிய வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் அது 90 நாள். 2003-க்கு முன் 30 நாளாக இருந்தது. நாள் கழிந்த பிறகு, மாப்பிள்ளை லீவு எடுத்து வந்து, அதே பெண் கழுத்தில் இரண்டாம் தடவை தாலி கட்டினார். "ஒரே மாப்பிள்ளைக்கு ரெண்டு தடவை சீர் வைக்கிற மாமியார் நான்தான்" என்று அக்கா சிரித்தாள். பழைய பதிவு சமாசாரத்தை வக்கீல் அம்மா முறைப்படி கவனித்தார்கள். இந்த முறை பதிவு மனுவை ஒவ்வொரு வரியாக நாங்களே படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம். புது மனு போயிருக்கிறது. பெண் இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள், காத்திருக்கிறாள்.

இனி, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: தீர்ப்பு சொன்ன அன்று "டைவர்ஸ் ஆயிடுச்சு" என்று கையை வீசிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் கைக்கு வர வேண்டும். 23-ம் பிரிவுப்படி இரு தரப்புக்கும் ஆளுக்கு ஒரு நகலைக் கோர்ட் இலவசமாகவே தர வேண்டும். அதோடு மனுப் போட்டுக் கூடுதலாக இரண்டு நகல் வாங்கி வையுங்கள்.

இரண்டு: பழைய நகல் தொலைந்துவிட்டால் கலங்க வேண்டாம். தீர்ப்புத் தந்த கோர்ட்டில் நகல் மனு போடலாம். வழக்கு எண், வருஷம் தெரிந்தால் சுலபம். தெரியாவிட்டால் இருவர் பெயரையும் வருஷத்தையும் வைத்துத் தேடச் சொல்லலாம். எங்கள் பக்கத்துச் சகோதரிகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரியில்தான். அதற்கு முன் தர்மபுரி மாவட்டம். ஆகவே பழைய வழக்கானால் தர்மபுரியிலும் விசாரியுங்கள்.

மூன்று: நகல் தமிழிலோ கன்னடத்திலோ இருந்தால் முழுவதையும் இங்கிலீஷில் பெயர்க்க வேண்டும். முத்திரையில் உள்ள எழுத்தைக்கூட விடக் கூடாது. எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது முழுமையான சரியான மொழிபெயர்ப்பு என்று பெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மனுவோடு நகலின் பிரதி போனால் போதும். சான்றிட்ட நகலைப் பத்திரமாக வைத்து நேர்முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

நான்கு: பெயர். நமக்கு அப்பா இனிஷியல், பிறகு புருஷன் இனிஷியல், கன்னடத்தில் ஒரு மாதிரி, இங்கிலீஷில் ஒரு மாதிரி. பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட், தீர்ப்பு மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் முன்கூட்டியே வக்கீலிடம் காட்டி, இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் செய்துகொள்ளுங்கள்.

ஐந்து: முதல் கணவர் காலமாகியிருந்தால் விவாகரத்துக்குப் பதில் இறப்புச் சான்றிதழ் வேண்டும். இறப்பைப் பதியாமல் விட்டிருந்தால் இப்போதே பதிய வழி பாருங்கள்.

ஆறு: மாப்பிள்ளைக்கு இது மறு கல்யாணம் என்றால் அவர் காகிதத்தையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. 1975-ல் திருப்பதியில் கல்யாணம் செய்த ஒருவர், அமெரிக்காவில் மிசோரி மாநிலத்தில் விவாகரத்து வாங்கிவிட்டு இங்கே வந்து மறு கல்யாணம் செய்தார். அந்த வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனைவி அந்த வழக்கை ஒப்புக்கொண்டு கலந்துகொண்டாரா, நம் சட்டத்தில் உள்ள காரணத்துக்காகத்தான் தீர்ப்பு வந்ததா என்று பார்க்க வேண்டுமாம்.

இது இந்துக் குடும்பங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சர்ச்சில் கல்யாணம் செல்லாது என்று எழுதித் தந்தாலும் சட்டப்படி அது விவாகரத்து ஆகாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஷரியத் கவுன்சில் தந்த குலா சான்று போதாது, குடும்பநல நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

"வக்கீலுக்குப் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்கிறீர்களா? 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டிலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். போனில் என்றால் 15100.

முறிந்த கல்யாணத்தைப் பற்றிப் பேசவே நம் வீடுகளில் கூச்சப்படுகிறோம். கோர்ட் வாசல் மிதிப்பது குடும்ப மானத்துக்குக் குறைவு என்று முத்திரைத்தாளில் மூடிவிடுகிறோம். எட்டு வருஷம் கழித்து அந்த மானத்துக்கு என் அக்கா மகள் கொடுத்த விலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மாலூர்ப் பெண் கேட்ட கேள்வியும் இன்னும் காதில் இருக்கிறது.

அக்கா இப்போது மஞ்சள் பையிலிருந்து பழைய பத்திரத்தை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டாள். அந்தப் பையில் சான்றிட்ட நகல்கள் மூன்று இருக்கின்றன. இன்றைக்கே உங்கள் பீரோவையும் ஒரு தடவை திறந்து பாருங்கள், சகோதரிகளே. வேண்டிய காகிதம் இல்லை என்றால், அடுத்த திங்கட்கிழமையே புறப்படுங்கள்.